இரண்டு விசில்

நவம்பர் 16, 2023, வியாழன்

கோமதிநாயகத்துக்கு ஐந்து வருஷம் போட்டுவிட்டார்கள்.

இன்றைய டூட்டியை மாற்றிக்கொண்டு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். கோமதி பதினோரு வருஷம் என் பஸ்ஸில் கண்டக்டர். 2019 ஆகஸ்டில், நெடுங்குளம் பாதை பிரிகிற விலக்கில், ஒரு பயணியோடு அவனுக்கு வாய்த்தகராறு. அந்த ஆளைப் படியிலிருந்து இவன் தள்ளினான், தள்ளும்போதே இரண்டு விசில் ஊதினான், பஸ் நகர்ந்தது, அந்த ஆள் பின்சக்கரத்தில் விழுந்து செத்தார் என்பது கேஸ். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு. இது யாருக்கும் தெரியும். ஆள் படியில் இருக்கும்போதே எடு என்று சொன்னால், சாவார் என்று தெரிந்தே செய்ததாக ஆகிறதாம். கொலை இல்லையாம், கொலை ஆகாத மரணமாம். செத்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜட்ஜ் தீர்ப்பை வாசிக்கும்போது என் பெயரும் வந்தது. “ஓட்டுநர் தங்கப்பழத்தின் சாட்சியம் இயல்பாகவும் நம்பத்தக்கதாகவும் உள்ளது.” முப்பது வருஷம் பஸ் ஓட்டியதில் யாரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை.

போலீஸ் வேனில் ஏறுமுன் கோமதி கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். “வடிவுகிட்ட குடுத்துருங்க அண்ணாச்சி. நீங்க வந்தது எனக்குப் பெரிய தெம்பு” என்றான். வடிவு அவன் மனைவி. பக்கத்தில்தான் நின்றாள். அவளிடமே கொடுத்திருக்கலாம். பதற்றத்தில் ஆளுக்குக் கண் தெரியவில்லை.

இரண்டு விசில் கேட்டது. கேட்டதைத்தான் கோர்ட்டில் சொன்னேன்.

நவம்பர் 17, வெள்ளி

டூட்டி. இப்போது என்னோடு வருகிற கண்டக்டர் ஸ்டாலின்ராஜ் நல்ல பையன்தான், ஆனால் வாய் நீளம். இன்று சங்கரன்கோவிலில் ஆள் எல்லாம் இறங்கி, கதவும் சாத்தியாகிவிட்டது. நான் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். “என்ன அண்ணாச்சி, வண்டி ஓடுமா, இல்ல இறங்கித் தள்ளணுமா” என்றான். நீ விசில் ஊது, ஓடும் என்றேன். நாலு வருஷமாக நான் விசில் வராமல் கியரைத் தொடுவதில்லை. எனக்கு வயசாகிவிட்டது என்று டிப்போவில் பேசிக்கொள்கிறார்களாம்.

நவம்பர் 25, சனி

வடிவைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனேன். மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, வரிசையில் நின்று, உள்ளே போகப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. கோமதிக்கு முடி வெட்டிவிட்டிருந்தார்கள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன.

வடிவிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, எவ்வளவோ யோசிச்சுப் பாக்கேன். நான் விசில் ஊதுனதே எனக்கு ஞாபகம் இல்ல. அந்த ஆள எறங்குய்யான்னு சத்தம் போட்டது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க கேட்டேன்னு சொல்லிட்டிய. நீங்க பொய் சொல்லுத ஆளா? அப்ப நான் ஊதித்தான் இருக்கணும். கோவத்துல ஊதிட்டு மறந்திருக்கேன். ஒரு மனுசன் உசுர எடுத்தது கூடவா மறந்து போவும்?”

சோப்பு, பேஸ்ட்டெல்லாம் கொண்டுவந்தாயா என்று வடிவைக் கேட்டேன்.

டிசம்பர் 4, திங்கள்

மதுரை. ஐகோர்ட்டில் அப்பீல் போட வக்கீல் ஜெரால்டின் என்ற அம்மாவிடம் பேசியிருக்கிறார்கள். வடிவு தனியாகப் போகப் பயப்பட்டதால் நான் துணைக்குப் போனேன். வக்கீலம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். தீர்ப்பின் நகலைப் புரட்டிக்கொண்டே நீங்கள் யார் என்று கேட்டார். டிரைவர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“நீங்க அரசுத் தரப்பு மூணாவது சாட்சி சார். உங்க முன்னாடி நான் கேஸ் பேசக் கூடாது. தயவுசெஞ்சு வெளியே உட்காருங்க.”

வெளியே உட்கார்ந்தேன். வேப்பமரம், ஒரு பெஞ்சு, பழைய பேப்பர். பேப்பரை ராசிபலன் உட்பட முழுக்கப் படித்தேன். எனக்குக் காரிய வெற்றி என்று போட்டிருந்தது.

திரும்பும்போது வடிவு சொன்னாள்: தண்டனை கொடுக்கிற அளவுக்குச் சாட்சியத்தில் ஆதாரம் இல்லை என்றுதான் அப்பீலாம். “ஆனா உங்க சாட்சியத்தத் தாண்டிப் போவதுதான் கஷ்டம்னாங்க அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதிய.”

நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 18, திங்கள்

மழை. பஸ் ஓடவில்லை. கரண்டும் இல்லை.

ஜனவரி 12, 2024, வெள்ளி

அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மாதம் முதல் திங்கட்கிழமை கோர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கோமதி ஜெயிலிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். வேலை போய்விட்டது. மாமனாரின் கோழித்தீவனக் கடையில் உட்காரப் போகிறானாம். என் மனைவி செல்லக்கிளி அவனுக்குச் சோறு போட்டாள். மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டான். ஜெயிலில் ரசம் என்ற பெயரில் ஒன்று ஊற்றுவார்களாம், அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசிச் சிரிக்க வைத்தான். போகும்போது என் காலைத் தொட்டான்.

அவன் போன பிறகு செல்லக்கிளி கேட்டாள்.

“அந்தப் பய உங்களக் கும்பிடுதான். நீங்க எதுக்குத் தட்டையே பாத்துக்கிட்டு இருந்திய?”

பல்வலி என்று சொன்னேன்.

பிப்ரவரி 5, திங்கள்

கோமதி கையெழுத்து. நான் டூட்டி.

மார்ச் 4, திங்கள்

கையெழுத்து.

ஜூன் 3, திங்கள்

நெடுங்குளம் விலக்கில் இப்போது எல்லா பஸ்ஸும் நிற்கும் என்று போர்டு வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அது எங்கள் பஸ்ஸுக்கு ஸ்டாப்பே இல்லை. சண்டை வந்ததே அதனால்தான். அந்த ஆள் நிறுத்து என்றார், இவன் நிற்காது என்றான். சத்தம் தாங்காமல் நான்தான் ஓரம் கட்டினேன்.

இன்று அந்த விலக்கில் முத்துப்பேச்சி ஏறினாள். இறந்தவரின் மனைவி. பீடி சுற்றுகிறவள், திங்கட்கிழமை தோறும் சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்கப் போவாள். இத்தனை வருஷம் என் வண்டி என்றால் விட்டுவிட்டு அடுத்ததில்தான் வருவாள். இன்று ஏறி, எனக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“டிரைவர் அண்ணாச்சி, ஐகோர்ட்டுல கேஸு என்னைக்கு வருது?”

தெரியவில்லை, நாளாகும் என்றேன்.

“வந்தா சொல்லுங்க. நானும் வரணும். யாரு உள்ள போனாலும் எங்க வீட்டுக்காரரு வரப்போறதில்ல. என்னதான் நடந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். குடிச்சிட்டு விழுந்தாம்னு ஊர்ல சொல்லுதாவ. என் மவளக் கட்டிக் குடுத்த எடத்துலயும் அதச் சொல்லிக் காட்டுதாவ. அன்னைக்கு அவிய குடிக்கல அண்ணாச்சி. கடவாப்பல்லு புடுங்கிட்டு வந்தாவ. வாய்க்குள்ள பஞ்சு. அதான் பேச்சு கொளறுச்சு.”

கோமதி அன்று முழுக்க ‘குடிகாரப் பய’ என்றுதான் திட்டினான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், நாங்களும் அந்த ஊரில் சேர்த்திதான்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். மாத்திரைப் பையைச் சீட்டிலேயே விட்டுவிட்டார் போல. அது பஸ்ஸில்தான் கிடைத்ததாம். இறங்கிய மனுஷன் மறுபடி ஒரு காலைப் படியில் வைத்தது எதற்கு என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. கண்ணாடியில் நான் பார்க்கும்போது ஒரு கால் தரையில் இருந்தது. இன்னொரு காலை நான் பார்க்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கேஸ் கட்டு முழுவதையும் டைப் அடித்துப் புத்தகமாகக் கட்டி ஐகோர்ட்டில் கொடுக்க வேண்டுமாம். எனக்கு மதுரை டூட்டி இருந்ததால் கோமதியின் பிரதியை நான் வாங்கிவந்தேன். அதைப் பிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். திருமங்கலம் தாண்டுமுன், பஸ் சாப்பாட்டுக்கு நின்ற இடத்தில், பிரித்துவிட்டேன்.

‘அ.சா.3 தங்கப்பழம். நான் மேற்படி பேருந்தின் ஓட்டுநர். சம்பவத்தன்று நடத்துநரின் இரண்டு விசில் சத்தம் கேட்ட பிறகே பேருந்தை இயக்கினேன். இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது எதிரியின் கை இறந்துபோனவரின் மேல் இருந்தது.’

என் பேச்சு மாதிரியே இல்லை. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் கோமதி. ஏட்டு எழுதிக் கொடுத்ததைத்தான் கோர்ட்டில் ஒப்பித்தேன். அதற்குக் கீழே ஒரு வரி: ‘எதிரித் தரப்பில் குறுக்கு விசாரணை இல்லை.’

பஸ் ஸ்டாண்டில் கோமதி காத்திருந்தான். ஏன் உன் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்று கேட்டேன்.

“நான்தான் வேண்டாம்னுட்டேன். அவரு உங்கள மடக்கி மடக்கிக் கேக்கணும்னாரு. எங்க அண்ணாச்சியக் கூண்டுல வெச்சு அசிங்கப்படுத்தாதிய, அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்.” பிறகு சிரித்தான். “ஜெரால்டின் அம்மா இதக் கேட்டுத் தலையில கைய வெச்சுட்டாங்க.”

அவன் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

மதுரை. கேஸ் லிஸ்ட்டில் இருந்தது. கூப்பிடுவதற்குள் கோர்ட் கலைந்துவிட்டது. நான், கோமதி, முத்துப்பேச்சி மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். நடுவில் காத்துக் கிடக்கிறவனுக்கு ஒரு சொல்லும் இல்லை.

ஜனவரி 20, 2025, திங்கள்

டிப்போவில் பாதுகாப்பு வகுப்பு. பயிற்சி கொடுக்க வந்தவர் சின்ன வயது. சீனியர் டிரைவர் என்று என்னை எழுப்பி, பஸ்ஸை நிறுத்தத்திலிருந்து எடுக்கிற முறையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்டக்டரின் இரண்டு விசில், இடது கண்ணாடி, வலது கண்ணாடி, பிறகு கியர். கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை எடுத்தேன். எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

பதினோரு வருஷம் ஒரே ஆளோடு ஓடினால் விசில் தேவைப்படாது. கடைசி ஆள் இறங்கினதும் வண்டி லேசாக நிமிரும், அது என் முதுகுக்குத் தெரியும். கண்ணாடியில் ஒரு பார்வை, கியர், அவ்வளவுதான். வண்டி நகர்ந்த பிறகு கோமதி கடமைக்கு இரண்டு தடவை ஊதுவான். ‘நீங்க எடுத்திய, நான் ஊதிட்டேன், கணக்கு சரியாப் போச்சு’ என்பான். டிப்போவில் பாதி ஜோடி இப்படித்தான் ஓட்டியது. செக்கிங் இருந்தால் மட்டும் ஒழுங்காக விசிலுக்குக் காத்திருப்போம். இதில் ஒரு பெருமை வேறு. உன் கண்டக்டர் மனசு உனக்குத் தெரிகிறதே என்று மற்றவர்கள் சொல்லும்போது எனக்கு உள்ளம் குளிர்ந்துபோகும்.

அன்று பன்னிரண்டு நிமிஷம் லேட். அந்த ஆள் இறங்கியதும் வண்டி நிமிர்ந்தது. ஒரு காலைத் தரையில் பார்த்தேன். எடுத்தேன். விசில் வரவில்லை. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. சத்தம்தான் வந்தது.

ஏட்டு கேட்டபோது, விசில் கேட்ட பிறகுதானே எடுத்தீர்கள் என்றார். ஆமாம் என்றேன். அதைத் தவிர வேறு எப்படியும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். இல்லை என்றால் கேஸ் என் மேல். அந்த ஒரு ஆமாம் கோமதியின் தலையில் போய் இப்படி விழும் என்று அப்போது நினைக்கவில்லை. பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் கோர்ட்டில் அதையேதான் சொன்னேன். பயம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

செல்லக்கிளியிடம் சொல்லிவிட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“பல்வலின்னு நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். வர்ற மே முப்பத்தொண்ணு நீங்க ரிட்டயர்டு. கேஸு நிலுவையில இருந்தா ரிட்டயர்டு ஆவ விட மாட்டாவ, பென்சன் எல்லாம் நின்னு போவும். நாலு மாசம் வாய மூடிக்கிட்டு இருங்க. பொறவு எங்க வேணும்னாலும் போயிச் சொல்லுங்க, நானும் கூட வாரேன்.”

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அசிங்கமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதாக வீட்டில் சொன்னேன். ஜெரால்டின் அம்மா முதலில் பார்க்கவே மாட்டேன் என்றார். வாசலில் நின்றே சொன்னேன், விசில் இல்லை என்று. உள்ளே வரச் சொன்னார்.

“சார், அப்பீல்ல புதுசா சாட்சி சொல்ல முடியாது. கீழ்க்கோர்ட்டுல பதிவானத வெச்சுத்தான் பேசணும். உங்கள மறுபடி கூப்பிடணும்னா தனியா மனு போடணும். அதுக்கு, முன்னாடி சத்தியம் செஞ்சு சொன்னது பொய்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். உங்க மேல கேஸ் வரலாம். உங்களுக்குன்னு ஒரு வக்கீலப் பார்த்துட்டு வாங்க. எழுதிக் கொடுப்பீங்களா?”

“ஜூன் மாசம் குடுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

அந்த அம்மா டைரியைப் புரட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“கேஸ் மார்ச்சுல வருது சார்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நானாகப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, நானாகவே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதற்குப் போகாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

இன்று வாதம் நடந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு இந்தப் பக்கம் கோமதி, அந்தப் பக்கம் முத்துப்பேச்சி. இங்கிலீஷில்தான் பேசினார்கள். வக்கீலம்மாவின் குமாஸ்தா எங்கள் பின்னால் குனிந்து மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜெரால்டின் அம்மா முதலில் என் சாட்சியத்தைத் தொடவே இல்லை. முதல் சாட்சியை எடுத்தார். முன்சீட்டில் இருந்த வாத்தியார். ‘பஸ் நகரும் வரை கண்டக்டர் இறங்கு, இறங்கு என்று கத்திக்கொண்டே இருந்தார்’ என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது சாட்சி, பூக்காரி. அவளும் அதையே சொல்லியிருக்கிறாள். கண்டக்டர் அவர் சட்டையைப் பிடித்திருந்தார், தள்ளியதைப் பார்க்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். அரசாங்கம் கொண்டுவந்த சாட்சிகளே இவர்கள்.

“ஒரே வாயால கத்தவும் விசில் ஊதவும் எப்படி முடியும்னு கேக்கறாங்க” என்றார் குமாஸ்தா. “விசில் கேட்டதாச் சொல்றது டிரைவர் ஒருத்தர்தானாம். விசில் இல்லாம எடுத்தா குத்தம் அவர் மேல வரும், அதனால அவர் சொல்றத மட்டும் வெச்சு தண்டிக்க முடியாதுங்கறாங்க.”

குமாஸ்தாவுக்கு நான் யார் என்று தெரியாது.

கோமதி என் பக்கம் திரும்பினான். நான் எதிரே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பை ஒத்திவைத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் கோமதி முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான்.

மார்ச் 7, வெள்ளி

போன் செய்தேன். கோமதி எடுக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மதியம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். கோமதி ஏறி வந்து, தன் பழைய கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தான். உள்ளே வேறு யாரும் இல்லை.

“நான் ஊதலதான அண்ணாச்சி?”

“ஊதல.”

“வக்கீலம்மா பேசும்போதே தெரிஞ்சுட்டு. உங்க வாயால கேக்கணும்னு வந்தேன்.”

அவன் என்னை அடித்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அஞ்சு வருசமா நான் ஒரு கொலைகாரன்னு நானே நம்பிட்டேன். எம் பிள்ளைய தலையத் தடவக் கூச்சமா இருக்கும். கோயிலுக்குப் போவல. ஜெயில்ல இருந்ததுகூட எனக்குப் பெருசில்ல அண்ணாச்சி. உங்கள நம்பி என்னைய நம்பாம இருந்துட்டேன் பாருங்க, அதான் தாங்கல.”

மன்னித்துவிடு என்று சொல்ல வந்தேன். அவன் கையைக் காட்டி வேண்டாம் என்றான்.

“தீர்ப்பு எனக்குப் பாதகமா வந்தா அப்பவாவது சொல்லுவியளா?”

“சொல்லுதேன்.”

அவன் நம்பினானா, தெரியாது. எனக்கே தெரியாது. சாப்பாட்டை நாய்க்குப் போட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலை பத்தே முக்காலுக்குத் தீர்ப்பு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கோமதிநாயகம் விடுதலை.

குமாஸ்தா சொன்னதை எழுதிவைக்கிறேன். தள்ளியதற்குச் சாட்சி இல்லை. விசில் ஊதியதற்கு ஓட்டுநரைத் தவிர சாட்சி இல்லை, ஓட்டுநரின் சாட்சியம் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்னதாக இருக்கக்கூடும், அதன் மேல் தண்டனையை நிற்க வைக்க முடியாது. கீழ்க்கோர்ட் தீர்ப்பு ரத்து. அப்படியானால் பஸ் எப்படி நகர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது இந்த வழக்கில் கேள்வி இல்லையாம்.

அதாவது நான் தப்பித்துவிட்டேன். ரிட்டயர்டு ஆக இன்னும் முப்பத்தாறு நாள். யாரும் என்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை.

வெளியே தாழ்வாரத்தில் வடிவு உட்கார்ந்து அழுதாள். கோமதி வக்கீலம்மாவைக் கும்பிட்டான், குமாஸ்தாவைக் கும்பிட்டான். என்னைக் கடந்து போனபோது நின்றான். “வாரேன்” என்று மட்டும் சொன்னான். அண்ணாச்சி என்று சொல்லவில்லை. போய்விட்டான்.

முத்துப்பேச்சி சிமெண்டு பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.

“அந்தக் கண்டக்டரு தள்ளலன்னு சொல்லிட்டாவ” என்றாள். “விசிலும் ஊதலன்னு சொல்லிட்டாவ. நல்லது, அவரு பிள்ளை குட்டிக்காரரு. அப்ப எங்க வீட்டுக்காரரு எப்படித்தான் அண்ணாச்சி செத்தாவ? ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்ல? குடிச்சிட்டுத் தானா விழுந்தாவன்னு கோர்ட்டே சொல்லிட்டுன்னுல்லா பேசுவாவ?”

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. கோர்ட்டில் கேட்டது அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. கோர்ட் விஷயம் தெரிந்தவன் என்று என்னிடம் விவரம் கேட்டாள். தெரியவில்லையம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

“நான்தான் தாயி” என்றேன். “விசில் வரல. நான் பாத்திருக்கணும், பாக்கல. அவரு ஒரு காலப் படியில வெச்சிருக்கும்போதே வண்டிய எடுத்துட்டேன். கோர்ட்டுல பொய் சொன்னேன்.”

அவள் முகம் மாறவில்லை.

“அவிய தானா விழலல்லா?”

“விழல.”

“குடிச்சிருந்தாவளா?”

“இல்ல. எனக்கு அப்பத் தெரியாது. நீ சொல்லித்தான் தெரியும்.”

“இத எழுதித் தருவியளா?”

கோர்ட் வாசலில் பேப்பர் விற்கிற கடை இருக்கிறது. இரண்டு முழுத் தாள் வாங்கிவந்து, பெஞ்சிலேயே வைத்து எழுதினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறாவது வரை படித்தவளாம். ‘நடத்துநரிடமிருந்து சைகை வராமலேயே நான் பேருந்தை எடுத்ததால், ஒரு பயணி’ என்று எழுதியபோது பேனாவின் மேல் விரலை வைத்தாள்.

“பயணின்னா யாரு? பேரு போடுங்க.”

இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பெயரை எழுதியதில்லை. சாட்சி சொன்னபோதும் ‘இறந்துபோனவர்’ என்றே சொன்னேன். இந்த நோட்டிலும் அந்த ஆள், அந்த ஆள் என்றுதான் எழுதியிருக்கிறேன். ‘ஒரு பயணி’ என்பதை அடித்தேன், அதற்கு மேல் எழுத முடியவில்லை. அவள் காத்திருந்தாள். வெயிலுமுத்து என்று எழுதினேன்.

“இன்சியல் போடுங்க. பொன்னையா மவன்.”

பொ. வெயிலுமுத்து என்று எழுதினேன். அவர் மது அருந்தியிருக்கவில்லை, அன்று பல் பிடுங்கிவிட்டு வந்தார் என்பதையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். கீழே என் பெயர், பணியாளர் எண், டிப்போ, தேதி எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, போலீசில் கொடுத்தாலும் சரி, நான் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றேன்.

அவள் முதலிலிருந்து கடைசி வரை உதடு அசையப் படித்தாள். பெயர் இருந்த வரியை இரண்டு தடவை படித்தாள். நாலாக மடித்து, பர்ஸுக்குள் வைத்து, பர்ஸை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன்.

“எந்திரிங்க. பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றாள்.

மாட்டுத்தாவணி வரை அவளோடு போனேன். எங்கள் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஏறினாள். நான் படியில் கால் வைத்தபோது திரும்பிப் பார்த்து, “நீங்க அடுத்ததுல வாங்க” என்றாள். காலை எடுத்துவிட்டேன். அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது, அதில் வந்தேன்.